டைல்ஸ் இடுக்குக் கறுப்பு: வினிகரும் சோடாவும் சேர்ந்தால் போகுமா?

#1 ஓரக்கோடு | 03-02-2024, இரவு 9:12

குளிக்கிற இடத்துச் சுவரில் டைல்ஸ் நடுவே இருக்கிற வெள்ளைக் கோடெல்லாம் கறுத்துக் கிடக்கு. தரையோரம் இன்னும் மோசம். யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான்: இடுக்கில் சமையல் சோடாவைத் தூவு, மேலே வினிகரை ஊற்று, நுரை பொங்கும், அழுக்கு தானா வெளியே வந்துடும். பொங்குது, நல்லாவே பொங்குது. கழுவிப் பார்த்தால் மேல் அழுக்கு கொஞ்சம் போயிருக்கு, கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கு. வினிகர் பத்தலையா, ஊறவிட்ட நேரம் பத்தலையா, இல்லை இந்த வைத்தியமே வெறும் வேடிக்கையா? காட்டமான ஆசிட் வேண்டாம். வீட்டுச் சாமானை வைத்தே முடியுமா?

#2 பீக்கர் | 03-02-2024, இரவு 10:05

வேடிக்கைதான். 5% வினிகர் 100 மி.லி. எடுத்தால் அதில் அசெட்டிக் அமிலம் 5 கிராம். அதைச் செல்லாக்காசாக்க 7 கிராம் சமையல் சோடா போதும், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போயாச்சு. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நுரை தளர்ந்த தூசியைக் கொஞ்சம் கிளப்பும், அவ்வளவுதான். மீதி வேலை உங்கள் கையும் பிரஷ்ஷும் செய்தது. புகழ் நுரைக்குப் போயிற்று.

இன்னொன்று. பூஞ்சையின் கறுப்பு என்பது அதன் செல்சுவரில் இருக்கும் மெலனின் நிறமி. பூஞ்சை செத்தாலும் நிறமி இடுக்குக்குள் நிற்கும். வினிகர் சில வகைப் பூஞ்சையைக் கொல்லும், சிலவற்றை அசைக்காது. எதையும் வெளுக்காது. கொல்வது ஒரு வேலை, கறையை எடுப்பது வேறு வேலை.

#3 கொத்துக்கரண்டி | 04-02-2024, காலை 6:40

முதல்ல அந்த இடுக்குல இருக்கறது என்னன்னு பாருங்க. டைல்ஸ் இடுக்கை நிரப்பற கலவைக்குத்தான் கிரவுட்னு பேர். அது சிமென்ட் கிரவுட்டா, எபாக்ஸிங்கற பிசின் கிரவுட்டா? காய்ஞ்ச இடத்துல ஒரு சொட்டு தண்ணி வைங்க. அஞ்சு நிமிஷத்துல உறிஞ்சி அந்த இடம் கருத்தா, சீலர் (தண்ணி உள்ள போகாம தடுக்கற பூச்சு) இல்லாத சிமென்ட் கிரவுட். சொட்டு முத்து மாதிரி நின்னா எபாக்ஸி, இல்லன்னா சீலர் அடிச்ச சிமென்ட். தொட்டா பிளாஸ்டிக் மாதிரி வழவழன்னு இருந்தா பெரும்பாலும் எபாக்ஸிதான்.

சிமென்ட் கிரவுட்னா வினிகரைக் கிட்டயே கொண்டுபோகாதீங்க. சிமென்ட்ல இருக்கற சுண்ணாம்பை அமிலம் கரைக்கும். ஒருநாள் ஊத்தினா கண்ணுக்குத் தெரியாது. வாராவாரம் ஊத்தினா மேல்தோல் போய் மணல் தலைகாட்டும், விரலால தேய்ச்சா தூளா வரும். அந்தச் சொரசொரப்பு முன்னைவிட அதிகமா தண்ணியையும் சோப்பையும் பிடிச்சு வைக்கும். அப்புறம் பூஞ்சை சீக்கிரமா வரும், நீங்க மறுபடி வினிகர் ஊத்துவீங்க. எலுமிச்சைக்கும் இதே கதைதான்.

டைல்ஸே மார்பிளா இருந்தா ஒரு துளியும் ஆகாது. பளபளப்பு போயிடும், பாலிஷ் போடாம திரும்பாது.

#4 ஓரக்கோடு | 04-02-2024, காலை 8:15

சொட்டு உறிஞ்சிடுச்சு. சிமென்ட்தான். அப்போ வீட்டில் இருக்கிறதில் எது வேலை செய்யும்?

#5 பீக்கர் | 04-02-2024, மதியம் 1:30

3% ஹைட்ரஜன் பெராக்சைடும் சமையல் சோடாவும். மருந்துக்கடைப் புட்டியில் சதவீதத்துக்குப் பதில் வால்யூம் என்று போட்டிருந்தால், 10 வால்யூம் என்பது 3%, 20 வால்யூம் என்பது 6%. 6% கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். 30%-க்கு மேல் உள்ளதை வீட்டுக்குள் விடாதீர்கள், தோலைச் சுட்டுவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், பெராக்சைடு பூஞ்சையையும் தாக்கும், நிறமியையும் வெளுக்கும், கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். புட்டியில் அது கெடாமல் இருக்க லேசான அமிலத்தன்மையோடு வைத்திருப்பார்கள். சமையல் சோடாவின் பிஹெச் (அமில-கார அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) 8.3 அளவு. சேர்த்ததும் பெராக்சைடு சுறுசுறுப்பாகும், கூடவே சீக்கிரம் சிதையவும் தொடங்கும். ஆகையால் கலந்ததை அப்போதே பூச வேண்டும். வைத்திருந்து நாளைக்குப் பூசினால் சோடாத் தண்ணீரைத்தான் பூசுவீர்கள்.

அளவு: அரைக் கப் சமையல் சோடா, 4 மேசைக்கரண்டி பெராக்சைடு, பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி. பல்பசை பதத்துக்கு வர வேண்டும். ஓடினால் சோடா சேர்க்கவும்.

வரிசை முக்கியம். முதலில் வெந்நீரும் பாத்திரத் திரவமும் போட்டுச் சோப்புப் படலத்தை எடுங்கள். சோப்பும் கடினநீரின் சுண்ணாம்பும் சேர்ந்த பிசுக்கு பூஞ்சைமேல் குடை மாதிரி நிற்கும். அது இருக்கும்வரை பெராக்சைடு உள்ளே போகாது. கழுவியபின் இடுக்கைக் காயவிடுங்கள், சில மணி நேரமாவது. ஈரமான இடுக்கு ஏற்கெனவே தண்ணீரால் நிரம்பியிருக்கும், மருந்துக்கு இடம் இருக்காது. பலரும் தவறவிடும் படி இதுதான். அப்புறம் பசையை விரலால் அழுத்திப் பூசி, 15 நிமிடம் விட்டு, தேய்த்து, நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறை அவசியம், விரல் நுனி வெள்ளையாகி எரியும்.

வண்ணக் கிரவுட் என்றால் கதவு மறைவில் ஒரு விரலளவு சோதித்துவிட்டு மேலே போகவும்.

#6 ஈரச்சுவர் | 04-02-2024, மாலை 5:50

கறுப்பா மட்டும்தானா இருக்கு? எல்லாவற்றையும் பூஞ்சை என்று சொல்லிவிடுகிறோம்.

வழுவழுவென்ற இளஞ்சிவப்புப் படலம் பூஞ்சை இல்லை, பெரும்பாலும் செராட்டியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. சோப்பு, ஷாம்பு மிச்சத்தில் வளரும். தேய்த்தால் சட்டென்று போகும், காயவிடாவிட்டால் சட்டென்று வரும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சிமென்டிலிருந்து கசிந்த உப்பாக இருக்கலாம். அதற்குப் பெராக்சைடு வீண், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தேடணும். செங்காவி நிறம் என்றால் தண்ணீரில் இரும்பு. அதைப் பெராக்சைடு எடுக்காது.

கறுப்பைக் கண்டதும் "விஷப் பூஞ்சை" என்று பதறவும் வேண்டாம். குளியலறை இடுக்கில் அதிகம் வருவது கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் வகைகள். பயமுறுத்திப் பேசப்படும் ஸ்டாக்கிபோட்ரிஸுக்கு நாள்கணக்கில் நனைந்த காகிதம், மரம், ஜிப்சம் பலகை மாதிரி சங்கதி வேண்டும். வெறும் டைல்ஸில் அதற்குத் தீனி இல்லை. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் எந்த வகையானாலும் அடுத்தவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு வெளியே இருப்பது நல்லது.

#7 கொத்துக்கரண்டி | 04-02-2024, இரவு 8:20

பிரஷ் விஷயம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். கிரவுட்டைப் பிறாண்டும், உதிர்ற கம்பித் துணுக்கு உள்ள மாட்டிக்கிட்டு துருவாகும். கெட்டி நைலான் போதும். டூத்பிரஷ்ஷோட முடியைப் பாதியா கத்தரிச்சா விறைப்பு கூடும், இடுக்குல சரியா உட்காரும். கோட்டோட போக்குலயே தேயுங்க, குறுக்கே இழுத்தா டைல்ஸ் விளிம்புதான் சுத்தமாகும்.

காய்ஞ்ச பூஞ்சையைத் தேய்க்கக் கூடாது. வித்து பறக்கும், மூக்குல ஏறும். நனைச்சிட்டுத் தேயுங்க, முகக்கவசம் போடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

சுவர்ல பசை நிக்காம வழியும். அதுக்கு டிஷ்யூ பேப்பரைக் கயிறு மாதிரி முறுக்கி, பெராக்சைடுல நனைச்சு இடுக்கு மேல ஒட்டிடுங்க. மேலே சாப்பாடு மூடற பிளாஸ்டிக் தாளைப் போட்டா காயாது. ஒரு மணி நேரம் விடலாம். பசை கால் மணி நேரத்துல செய்யாததை இது செய்யும்.

#8 பீக்கர் | 05-02-2024, காலை 7:10

#7-க்கு ஒரு ஒட்டு. சோடா கலக்காத வெறும் 3% பெராக்சைடு என்றால்தான் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குச் சோடா தேவையும் இல்லை, சிமென்டே காரத்தன்மை உள்ளது, தொட்டதும் பெராக்சைடைக் கிளப்பிவிடும். பிளாஸ்டிக் தாளை இறுக்கி ஒட்டாதீர்கள், ஆக்சிஜன் வெளியேற ஓரத்தில் வழி வேண்டும். குழாய், ஷவர் மேல் பட்டால் உடனே துடைக்கவும், பித்தளையும் செம்பும் மங்கும்.

இதே காரணத்தால் பெராக்சைடு-சோடா கலவையை மூடிய ஸ்பிரே பாட்டிலில் வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும். பெராக்சைடைத் தனியாக ஸ்பிரே செய்ய வேண்டுமானால் அது வந்த கறுத்த புட்டியிலேயே ஸ்பிரே மூடியைத் திருகுங்கள். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும்.

#9 வேப்பிலை | 05-02-2024, காலை 11:25

பெராக்சைடெல்லாம் கெமிக்கல்தானே ஐயா. இயற்கையாக வேண்டுமென்றுதான் கேட்டிருக்கிறார். டீ ட்ரீ எண்ணெய், வெண்காரம் இரண்டும் பூஞ்சையை அண்டவிடாது. இவற்றை ஏன் யாரும் சொல்லவில்லை?

#10 பீக்கர் | 05-02-2024, மதியம் 12:40

வினிகரும் கெமிக்கல்தான், தண்ணீரும்தான். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

வெண்காரம் நல்ல யோசனைதான். பிஹெச் 9 சொச்சம், சிமென்டுக்குக் கெடுதல் இல்லை. ஒரு மேசைக்கரண்டியை ஒரு கப் வெந்நீரில் முழுசாகக் கரைத்து, சுத்தம் செய்து காய்ந்த இடுக்கில் பூசிவிட்டுக் கழுவாமல் விட்டால், படிந்த உப்பு பூஞ்சையின் மறுவரவைத் தள்ளிப்போடும். கறையை மட்டும் எடுக்காது. ஆனால் கனிமம் என்பதாலேயே சாதுவாகிவிடாது. விழுங்கினால் நஞ்சு, ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள்களின் வகையில் வைத்திருக்கிறது. தவழும் குழந்தை, தரையை நக்கும் நாய் உள்ள வீட்டில் கழுவாமல் விடும் முறை கூடாது. கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

டீ ட்ரீ எண்ணெய்: ஒரு கப் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஒவ்வொரு முறை அடிக்கும் முன்பும் பாட்டிலைக் குலுக்காவிட்டால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும். பூனை, நாய்க்கு விஷம். வாசனை இரண்டு நாள் நிற்கும், பிடித்தவர்களுக்குச் சரி.

#11 வேப்பிலை | 05-02-2024, மதியம் 1:05

பூனை இருக்கிறது. எண்ணெயை விட்டுவிடுகிறேன். பேக்கிங் பவுடர் வைத்துச் செய்யலாமா, சோடா தீர்ந்துவிட்டது.

#12 பீக்கர் | 05-02-2024, மதியம் 1:11

கூடாது. அதில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவும் இருக்கும். மாவு பூஞ்சைக்கு விருந்து.

#13 ஈரச்சுவர் | 05-02-2024, இரவு 9:45

எச்சரிக்கை ஒன்றைத் தனியாகவே எழுதிவிடுகிறேன், இழை நீண்டால் காணாமல் போகும். குளோரின் பிளீச் பயன்படுத்திய இடத்தில் வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எதுவும் படக் கூடாது, குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் படக் கூடாது, குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், உருவாகும் பெரசெட்டிக் அமிலம் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். "இரண்டும் நல்லது, சேர்த்தால் இரட்டிப்பு நல்லது" என்ற கணக்கு குளியலறையில் செல்லாது. நேற்று ஒன்று போட்டிருந்தால் இன்று மற்றதைப் போடும் முன் ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஃபேனை ஓடவிடுங்கள்.

#14 ஓரக்கோடு | 11-02-2024, மாலை 6:30

சுவர் வெளுத்துடுச்சு. டிஷ்யூ முறைதான் வேலை செய்தது, பசை பாதிதான் எடுத்தது. ரெண்டு சந்தேகம். தரை முழுக்க டிஷ்யூ ஒட்ட முடியுமா? சுவரும் தரையும் சேருகிற மூலையில் இருக்கிற கறுப்பு மட்டும் துளிகூட அசையலை, ஏன்?

#15 கொத்துக்கரண்டி | 11-02-2024, இரவு 7:55

மூலைல இருக்கறதை நகத்தால அமுக்கிப் பாருங்க. ரப்பர் மாதிரி அமுங்கினா அது கிரவுட் இல்ல, சிலிகான். பூஞ்சை சிலிகானுக்கு உள்ளேயும் பின்னாலயும் வேர் விட்டிருக்கும், மேலே எதைப் போட்டாலும் எட்டாது. பேசாம அறுத்து எடுத்துட்டு புதுசா போடுங்க.

கத்தியை டைல்ஸ் மேல படுக்க வெச்சு மேலயும் கீழயும் ஒரு கோடு அறுங்க, நாடா மாதிரி உரிஞ்சு வரும். ஒட்டியிருக்கற மிச்சத்தை பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க. பழைய சிலிகான் ஒரு பொட்டு இருந்தாலும் புதுசு அந்த இடத்துல ஒட்டாது. பெராக்சைடு அடிச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, ஒரு முழு நாள் காயவிடுங்க. ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூஞ்சை எதிர்ப்பு உள்ள சானிட்டரி சிலிகானை ஒரே இழுப்புல போட்டு, சோப்புத் தண்ணி தொட்ட விரலால நீவிட்டு, தோல் கட்டறதுக்கு முன்னாடி டேப்பை உரிங்க. 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது.

மூலைல கிரவுட்டே போட்டிருந்தா அது விரிசல் விட்டிருக்கும். சுவரும் தரையும் தனித்தனியா அசையற இடம், அங்கே நீளக்கூடிய பொருள்தான் நிக்கும். அதையும் சுரண்டிட்டு சிலிகான் போடறதுதான் முறை.

#16 பீக்கர் | 11-02-2024, இரவு 9:20

தரைக்குச் சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் துணிக்கான கறைநீக்கிப் பொடியாக வரும். சலவை சோடாவும் பெராக்சைடும் படிகமாகக் கட்டுண்டது, தண்ணீர் பட்டதும் பிரியும். ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி. 50 டிகிரி செல்சியஸ் சூடு நல்லது, குளிர்ந்த நீரில் மந்தமாகத்தான் கரையும், கொதிநீரில் ஆக்சிஜன் வேலை செய்யும் முன்பே ஓடிவிடும். இடுக்குகளில் ஊற்றி 20-30 நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள், காயும் இடத்தில் மறுபடி ஊற்றுங்கள். தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். வைப்பரால் தள்ளினால் கரைந்த அழுக்கு பக்கத்து இடுக்கில் போய்த்தான் உட்காரும். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர்.

காரத்தன்மை அதிகம், பிஹெச் 10.5 வரை போகும், கையுறை இல்லாமல் வேண்டாம். மிச்சக் கரைசலை மூடி வைக்காதீர்கள், #8-இல் சொன்ன அதே காரணம்.

கழுவியதும் வெள்ளையாகப் படிந்தால் அது சோடா மிச்சம்தான், இன்னும் தண்ணீர் விடுங்கள். "சமன் செய்ய" வினிகர் தெளிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

#17 வேப்பிலை | 12-02-2024, காலை 10:10

வினிகரை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டுமா? டைல்ஸ் முகத்தில் படியும் உப்புக் கறைக்கு அதைவிட நல்லது கிடையாதே.

#18 கொத்துக்கரண்டி | 12-02-2024, மதியம் 2:00

அது நியாயம். பீங்கான் டைல்ஸ் முகத்துக்கும் கண்ணாடிக் கதவுக்கும் வினிகர் சரி. ஆனா முதல்ல இடுக்கை நல்லா தண்ணியில நனைச்சிடுங்க, வயிறு நிறைஞ்ச கிரவுட் அமிலத்தைக் குடிக்காது. பாதிக்குப் பாதி தண்ணி கலந்த வினிகரைத் துணியால ஒத்தி, அஞ்சு நிமிஷத்துல கழுவிடுங்க. எபாக்ஸி இடுக்குனா இவ்வளவு பயம் வேண்டாம். கல் டைல்ஸுக்கு அப்பவும் கூடாது.

கவனிச்சீங்களா, பெராக்சைடுக்குக் காய்ஞ்ச இடுக்கு, வினிகருக்கு நனைஞ்ச இடுக்கு. மாத்திப் போட்டுடாதீங்க.

#19 ஈரச்சுவர் | 19-02-2024, இரவு 8:05

இதுவரை பேசியதெல்லாம் வந்ததை எடுப்பது. சீக்கிரமே அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பினால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பக்கத்து டைல்ஸ் கணீரென்று ஒலித்து இது மட்டும் பொத்தென்று ஒலித்தால் பின்னால் பிடிப்பு விட்டிருக்கிறது, தண்ணீரும் தேங்கியிருக்கலாம். ஷவர் குழாய் சுவருக்குள் நுழையும் துளையைச் சுற்றிய தட்டையும் கழற்றிப் பார்க்கணும், அங்கே அடைக்காமல் விட்டிருப்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல்படி பூஞ்சைப் பரப்பு 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டாரே பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், அல்லது சுவருக்குப் பின்னால் இருந்தால், ஆளைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி எல்லாம் ஈரக்கணக்கு. குளித்ததும் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, ஒரு நிமிடம்கூட ஆகாது, சுவரில் நிற்கும் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்தபின் 20 நிமிடம் ஓட்டவும். ஃபேன் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூவைக் கம்பித் தட்டியில் ஒட்டவையுங்கள், ஒட்டி நிற்காவிட்டால் தூசி அடைத்திருக்கிறது. கதவு அடியில் காற்று வர இடைவெளி இல்லையென்றால் எந்த ஃபேனும் இழுக்காது. காற்றின் ஈரப்பதம் 60%-க்குக் கீழே நின்றால் பூஞ்சை தளரும்.

#20 ஓரக்கோடு | 19-02-2024, இரவு 9:00

தட்டிப் பார்த்தாச்சு, எல்லாம் கணீர். ஃபேன்தான் டிஷ்யூவைக் கீழே விட்டுடுச்சு. சீலர் அடிச்சா இந்தக் கவலையெல்லாம் தீருமா?

#21 கொத்துக்கரண்டி | 20-02-2024, காலை 6:25

தீராது, குறையும். சீலர் தண்ணியை உள்ள விடாது, ஆனா மேல படியற சோப்புல பூஞ்சை வளரத்தான் செய்யும். ஒரே லாபம், அது வேர் பிடிக்காம மேலோட்டமா இருக்கும், துணியால துடைச்சா போயிடும்.

உள்ளே ஊறற வகை வாங்குங்க, மேல படலம் கட்டற வகை ஈரமான இடத்துல உரியும். கழுவின கிரவுட் ஒண்ணு ரெண்டு நாள் முழுசா காயணும். ஈரத்தோட அடிச்சா அந்த ஈரத்தை உள்ள பூட்டி வைக்கிறீங்க. சின்ன பிரஷ்ஷால கோட்டோட பூசி, 5-10 நிமிஷத்துல டைல்ஸ் மேல வழிஞ்சதைத் துடைச்சிடணும். விட்டா வெள்ளைப் படலமா இறுகும், அதை எடுக்கறது பூஞ்சையை எடுக்கறதைவிடப் பெரிய வேலை. சொட்டுத் தண்ணி வெச்சுப் பார்த்து உறிஞ்ச ஆரம்பிச்சா மறுபடி அடிங்க, வருஷக் கணக்கு பார்க்காதீங்க. ஷவர் நேரா விழற இடம் முதல்ல தேயும்.

#22 வேப்பிலை | 20-02-2024, காலை 9:40

சீலருக்குப் பதில் பழைய கிரவுட் மேலேயே புது எபாக்ஸியை ஒரு பூச்சு பூசிவிட்டால் வேலை முடிந்ததே?

#23 கொத்துக்கரண்டி | 20-02-2024, இரவு 8:30

மேல பூசினது தகடு தகடா பெயரும். புதுசு உட்கார ஆழம் வேணும். டைல்ஸ் கனத்துல மூணுல ரெண்டு பங்காவது பழசைச் சுரண்டி எடுக்கணும். கைச் சுரண்டியால மெதுவா போங்க, மெஷின்னா பீங்கான் விளிம்பு சில்லு தெறிக்கும். தூசியை உறிஞ்சி எடுத்து, துடைச்சு, நல்லா காயவிட்டு அப்புறம் எபாக்ஸி. ரெண்டு டப்பாவையும் அளவு பிசகாம முழுசா கலக்கணும், கண்ணளவுக்குக் கலந்தா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும். கலந்தா சீக்கிரமே இறுக ஆரம்பிச்சிடும், ஒரு சின்னப் பகுதிக்குப் போதுமானதை மட்டும் எடுங்க. டைல்ஸ் முகத்துல ஒட்டினதை இறுகறதுக்குள்ள ஸ்பான்ஜால எடுத்துடணும். ஷவர் பக்கம் மட்டும் எபாக்ஸி, மத்த சுவருக்கு இருக்கற சிமென்ட் கிரவுட்டே போதும்.